தாளின் மறுபுறம்

ஓலையில் எழுதினோர்க்கு அதன் பின்புறம் பேரிடர் எதனையும் தந்ததில்லை. எழுத்தாணி ஓலையைக் கீறுமேயன்றி மையைப் பரப்பாது. கீறல் ஆழ்ந்துவிடாமல் கை காத்தால் மறுபுறமும் அவ்வாறே எழுதலாம். கரியைத் தடவியதும் இருபுற எழுத்தும் விளங்கும். ஏட்டெண்ணை முன்புறத்து இட ஓரத்தில் இடுதல் தமிழ்நாட்டு வழக்கு. கயிற்றிற் கோத்த ஏட்டைப் படிப்போர் பக்கவாட்டிலன்றி மேலும் கீழுமாகப் புரட்டுவர். பின்புற எழுத்தும் அப் புரட்டலுக்கு இயையவே அமையும். இத் திசைச் செய்தியை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

மை பூசி அச்சிடத் தொடங்கியபோதே மறுபுறம் சிக்கலாயிற்று. சீனர் மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி, மையிட்டு, மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, தாளின் முதுகைத் தூரிகையால் தேய்த்தனர். தேய்த்த முதுகில் மீண்டும் அச்சிடல் அரிது; மையும் ஊடுருவித் தோன்றும். ஆகவே ஒருபுறம் மட்டும் அடித்து, எழுத்து வெளியே தெரியத் தாளை இரண்டாக மடித்துத் தைத்தனர். நம் மலாக்காவில் 1815இல் வில்லியம் மில்னே பாதிரியாரும் கட்டை செதுக்கும் லியாங் ஃபாவும் சீனத் திங்களிதழை மரக்கட்டையாலேயே வெளியிட்டனர்.

தமிழ் அச்சு வேறு வழியில் வந்தது. கொல்லத்தில் 1578இல் அண்டிரிக்கி அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். தரங்கம்பாடிக்கு 1713இல் ஆலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியவை; அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது. சீகன்பால்குவும் உடனிருந்தோரும் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தனர்; பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவினர். தாள் இவ்வளவு அருமையாயிருந்த இடத்தில் மறுபுறத்தை வெறிதே விட யார்க்கு மனம் வரும்?

கையச்சில் மறுபுறம் அடித்தல் தனித் தொழில். எட்டுப் பக்கம் கொண்ட தாளில் 1, 4, 5, 8 ஒரு பாரம்; 2, 3, 6, 7 மற்றொன்று. ஒன்று இடம் மாறினாலும் மடித்தபின் நூல் குழம்பும். தாளை நனைத்தே அச்சிட்டனர். நனைந்த தாள் மையை நன்கு ஏற்கும். முதற்புறம் அடிக்கையில் இரு சிறு முட்கள் தாளைத் துளைக்கும். மறுபுறத்திற்கு அத் துளைகளையே அம் முட்களிற் பொருத்துவர். அதனால் வரிக்குப் பின் வரி நேராக விழும். ஆயினும் இடையில் தாள் உலர்ந்துவிட்டால் சுருங்கும். துளை முள்ளோடு பொருந்தாது. ஆதலின் ஈரம் போகுமுன் மறுபுறத்தை முடிக்க விரைந்தனர்.

நீராவி வந்தும் இத் தொல்லை உடனே தீரவில்லை. கோனிக்கின் பொறி 1814 நவம்பர் 29இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழை அச்சிட்டபோதும் ஒருமுறைக்கு ஒருபுறந்தான். இருபுறமும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பொறியை அவர் அதன் பின்னரே இயக்கினார்.

லேசர் அச்சுப்பொறியின் வரலாறும் இதே வரிசையிற் சென்றது. 1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் ஒருபுறம் மட்டுமே அடித்தது. இருபுறம் அடிக்கும் வகையை அந் நிறுவனம் 1988இல் கொணர்ந்தது. விலை குறைந்த ஒருபுறப் பொறிகள் இன்றும் பள்ளிகளிலும் வீடுகளிலும் மிகுதி. அவற்றில் ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, தாளடுக்கைத் திருப்பியிட்டு, இரட்டைப்படைப் பக்கங்களை அடிக்கின்றோம். பழைய பாரக் குழப்பம் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. ஐந்து பக்க வினாத்தாளில் 1, 3, 5 அச்சாகி முகங்கவிழ்ந்து விழுந்தால் 5ஆம் பக்கத் தாள் மேலே கிடக்கும். மேல் தாளை முதலில் இழுக்கும் பொறியில் அடுக்கை அவ்வாறே இட்டால் 2ஆம் பக்கம் 5இன் முதுகில் விழும். அத் தாளை எடுத்துவிட்டு 4, 2 எனத் தலைகீழாக அடிக்க வேண்டும். இடையில் இரு தாள்கள் ஒட்டிச் சென்றாலோ, அதன்பின் வரும் அனைத்தும் பிழையே.

வெப்பமும் ஈரமும் சேர்ந்தது அடுத்த இடர். பொறிக்குள் ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெம்மையில் டோனர்த் தூள் உருகித் தாளிற் படிகிறது. அவ் வெம்மை தாளின் ஈரத்தைப் போக்கத் தாள் சற்றே சுருங்கிச் சுருள்கிறது. மறுபுற எழுத்து நூலிழை விலகுகிறது. கையச்சுக்காரர் அஞ்சிய அதே சுருக்கம்! கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றோ ஆண்டு முழுதும் ஈரமானது. உறை பிரித்து வைத்த தாள் அதனை உறிஞ்சிக்கொள்ளும். நனைத்துக் கெடாத தாளை நாம் காற்றில் விட்டுக் கெடுக்கின்றோம்.

கம்போங் மேடானில் மாலை வகுப்பொன்றிற்கு யான் அடித்த நாற்பது வினாத்தாள்களின் பின்புறம் தலைகீழாய் விழுந்தது. பிள்ளைகள் நூலைப் புரட்டுமாறு புரட்ட, எழுத்துக் கவிழ்ந்து நின்றது. பொறியின்மேற் குற்றமில்லை; ஏடு புரட்டும் திசையிற் தாளைத் திருப்பியிட்ட பிழை என்னுடையது. இப்போது தட்டிலுள்ள மேல் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஒன்றை மட்டும் அடித்து, புள்ளி எப்புறம் எம்மூலையில் வருகிறதென்று பார்த்த பின்னரே மற்றவற்றை இடுகிறேன்.