சம்பள ஆளும் சொந்தக் கடையும்

19ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், தொழில் பழகாதவரை நம்பி முதல் போடுவது அரிது. சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கடையைக் கூட்டி, எடுபிடி வேலை செய்து, தரையில் கைப்பெட்டிக்கு அருகே அமர்ந்து கணக்கெழுதப் பழகுவான். அடுத்தது ‘அடுத்தாள்’ எனும் உதவியாளர் நிலை. திறமை தெரிந்தால், கடை முழுவதையும் பொறுப்பேற்கும் மேலாள்.

மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கைக்கு வரும். லாபத்திலும் பங்கு உண்டு. அந்த முன்பணம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. வீட்டுச் செலவு போக மிஞ்சியதை வட்டிக்கு விட்டால், சம்பள ஆள் சம்பளத்தில் இருக்கும்போதே அவருக்கென்று ஒரு முதல் வளர்ந்தது. தவணை முடிந்து ஊர் திரும்பியவர் மறுபடி சம்பளத்துக்குப் போகலாம்; அல்லது சேர்த்ததைப் போட்டு, கூட்டாளி பிடித்து, தன் விலாசத்தில், அதாவது தன் பெயரில், கடை திறக்கலாம். நாணயமானவர் என்று சம்பாதித்த பெயரை வைத்து மற்ற நகரத்தார் கடைகளில் கடன் கிடைத்தது.

1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. வராத கடனுக்கு ஈடாக, கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நெல் நிலம் 1938க்குள் நகரத்தார் கைக்கு வந்தது. அதைப் பணமாக்க முடியவில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது மேலாட்கள், முதலாளிகள் பலரும் ஊர் திரும்பினர்.