மலையும் மதிலும்: கொலம்பியாவின் கரீபியக் கரையில் இயற்கையும் பண்பாடும்

1. எல்லையும் கேள்வியும்

கொலம்பியாவின் வடகரை கரீபியக் கடலை ஒட்டி நீள்கிறது. அதில் சாண்டா மார்த்தா முதல் கார்த்தஹேனா வரையுள்ள பகுதியே இக்கட்டுரையின் களம். இரண்டுமே ஸ்பானியர் நிறுவிய துறைமுகங்கள். முன்னது 1525இலும் பின்னது 1533இலும் எழுந்தன. இடையில் பர்ராங்கில்யா நகரை ஒட்டி மக்தலேனா ஆறு கடலில் கலக்கிறது.

பயணக் கையேடுகள் இக்கரையை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கின்றன. கடற்கரை, காடு, பனிமலை ஆகியவை இயற்கைப் பட்டியலில். கோட்டை, தேவாலயம், திருவிழா ஆகியவை பண்பாட்டுப் பட்டியலில். இந்தப் பகுப்பு இங்கே செல்லாது என்பதே என் வாதம். இங்கு இயற்கை எனப்படுவதைக் காவல் காப்பது ஒரு வழிபாட்டு மரபு. பண்பாடு எனப்படுவதை உருவாக்கியதோ நிலமும் நீரும். இதை மலை, காயல், கோட்டை, இசை என்ற நான்கு நிலைகளில் காணலாம்.

2. மலை

2.1 நில அமைப்பு

சியர்ரா நெவாடா தே சாண்டா மார்த்தா ஆண்டிஸ் தொடரோடு சேராமல் தனித்து நிற்கும் மலைத்திரள். அதன் உச்சிகள் சுமார் 5,700 மீட்டர் உயரம் கொண்டவை; அவற்றுக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 42 கிலோமீட்டர்தான். கடலோர மலைகளுள் உலகிலேயே உயரமானது இது என்பர். வறண்ட முட்புதர், மழைக்காடு, உயர்மலைப் புல்வெளி, பனி எல்லாம் இந்தச் சிறு தொலைவுக்குள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன.

2.2 காவலர்

இம்மலையில் கோகி, அர்ஹுவாகோ, விவா, கான்குவாமோ ஆகிய நான்கு தொல்குடியினர் வாழ்கின்றனர். அவர்களது அறிவு மரபை யுனெஸ்கோ 2022இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாமோ எனப்படும் அவர்களின் சமயத் தலைவர்களுக்கு மலை ஓர் உடல். பனியுச்சியில் பிறக்கும் ஆறும் அது சேரும் கழிமுகமும் அதன் உறுப்புகள். மலையடிவாரத்தையும் கரையையும் சுற்றியுள்ள புனித இடங்களை இணைத்து அவர்கள் காணும் எல்லைக்குக் 'கருங்கோடு' என்று பெயர். கொலம்பிய அரசு 2018இல் ஓர் ஆணை வழியாக இவ்வெல்லையை ஏற்றது. அதில் 348 புனித இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பல கடற்கரையிலேயே இருக்கின்றன.

இந்த உறவு ஒரு சிறு கருவியில் தெளிவாகத் தெரியும். கோகி ஆடவர் ஒவ்வொருவரும் 'போபோரோ' என்னும் சுரைக்குடுவையைக் கையில் வைத்திருப்பார். கடலோரத்தில் பொறுக்கிய சிப்பிகளைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பு அதற்குள் இருக்கும். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்வதுபோல, மெல்லும் கோக்கா இலையோடு அதைக் குச்சியால் தொட்டுச் சேர்ப்பார். பிறகு எச்சில் படிந்த குச்சியைக் குடுவையின் கழுத்தில் தேய்ப்பார். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே ஒரு மஞ்சள் படிவு தடிக்கும். மலைவாழ்வின் அன்றாடச் சடங்குக்கே கடல் வேண்டியிருக்கிறது. ஆகவே கரைக்கு இறங்கி வரும் உரிமை அவர்களுக்கு வாழ்வுரிமை.

2.3 தைரோனாவும் தெயுனாவும்

மலை கடலில் இறங்கும் இடத்தில் 1964இல் தைரோனா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. உருண்டைப் பாறைகளும் தென்னைகளும் சூழ்ந்த அதன் விரிகுடாக்கள் புகழ்பெற்றவை. அர்ரெசிஃபேஸ் கரையில் நீரோட்டம் கடுமையாக இருப்பதால் நீந்துவது ஆபத்து. சற்றுத் தள்ளி, பாறைகள் அலையைத் தடுக்கும் லா பிஸ்சினாவில் நீந்தலாம். தொல்குடியினர் வேண்டியபடி, நிலம் இளைப்பாறவும் சடங்குகள் நடக்கவும் பூங்கா ஆண்டில் சில முறை மூடப்படுகிறது.

பூரித்தாகா ஆற்றின் மேலே, ஏறத்தாழ 1,200 கற்படிகளுக்கு அப்பால் 'தெயுனா' என்னும் தொன்னகரம் இருக்கிறது. புதையல் திருடர்கள் 1970களில் அதைக் கண்டனர். 1976இல் தொல்லியலாளர் சென்றனர். 'தொலைந்த நகரம்' என்ற பெயர் வெளியார் இட்டது. மலையின் மக்களுக்கு அது தொலையவே இல்லை. சரிவில் வட்ட மேடைகளை அடுக்கி, மழைநீர் மண்ணை அரிக்காமல் வடிய வழிசெய்த நுட்பமே அந்நகரம் காட்டுக்குள் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம்.

3. காயல்

சியெனகா கிராந்தே என்னும் பெருங்காயல் மக்தலேனாவின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்குமிடம். நுவேவா வெனேசியா, புவேனாவிஸ்தா ஆகிய மீனவ ஊர்கள் அதன் நடுவே மரக்கால்கள் மேல் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு போக ஓடம்தான்.

1950களில் சியெனகா நகரையும் பர்ராங்கில்யாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை மணல்திட்டின் மீது போடப்பட்டபோது, கடலுக்கும் காயலுக்கும் இடையிலான நீர்ப்போக்கு அடைபட்டது. மறுபுறம் ஆற்றுக் கால்வாய்களும் தடுக்கப்பட்டன. நீரில் உப்பு ஏறி, அலையாத்திக் காட்டில் பாதிக்கு மேல் பட்டுப்போனது. 1990களில் கால்வாய்களைத் திறந்தபின் ஓரளவு துளிர்த்தது. அலையாத்தி வேர்களிடையே மீன்குஞ்சு வளராவிட்டால் அந்த மரக்கால் ஊர்களுக்குப் பிழைப்பில்லை. 1998இல் இக்காயல் ராம்சார் ஈரநிலமானது.

4. கோட்டை

கார்த்தஹேனாவின் மதில்களும் சான் ஃபெலிப்பே கோட்டையும் 1984 முதல் உலக மரபுச் சின்னங்கள். மதிலை அருகில் நின்று பார்த்தால் கற்களில் பவளத்தின் கண்ணறைகள் தெரியும். கடலிலிருந்து எடுத்த கல்லே கடல்வழி வந்த பகைவரைத் தடுத்தது. 1741இல் வெர்னனின் ஆங்கிலேயக் கப்பற்படை இங்குத் தோற்றது. அதன்பின், விரிகுடாவின் அகன்ற வாயிலை நீருக்கடியில் சுவர் எழுப்பி அடைத்தனர்.

இந்நகரம் ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற துறைமுகமும்கூட. தப்பியோடியவர்களுக்குச் சதுப்பும் குன்றும் அரணாயின. அவர்கள் வேலியிட்டுக் காத்த குடியிருப்புகளுள் இன்றும் நிலைத்திருப்பது சான் பாசிலியோ தே பலென்கே. விடுதலைத் தலைவர் பென்கோஸ் பியோஹோ 1621இல் தூக்கிலிடப்பட்டார். 1713இல் ஊரின் சுதந்திரத்தை ஏற்ற உடன்பாடு உருவானது. ஸ்பானியச் சொற்களோடு கிகொங்கோ மொழிக் கூறுகள் கலந்த பலென்கேரோ மொழி இங்கே பேசப்படுகிறது. கார்த்தஹேனாத் தெருக்களில் பழக்கூடையோடு படமெடுக்கப்படும் பெண்கள் இவ்வூரின் வழிவந்தவர்கள். அவர்களைப் படமெடுத்துவிட்டு ஊரை அறியாமல் திரும்புபவர் பாதியையே காண்கிறார்.

5. இசை

இக்கரையின் கும்பியா இசையில் ஊதும் நீள்குழல் 'கைத்தா'. கள்ளித் தண்டைக் குடைந்து குழலாக்கி, தேன்மெழுகில் கரித்தூள் பிசைந்து தலைப்பகுதி செய்து, ஊதுவாய்க்கு இறகுத் தண்டைச் செருகுவர். ஐந்து துளை கொண்டது பெண்குழல்; இரண்டே துளை கொண்டது ஆண்குழல். தொல்குடியின் குழலோடு ஆப்பிரிக்கப் பறைகள் சேர, பாட்டு ஸ்பானிய மொழியில் ஒலிக்கிறது. சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாள் பர்ராங்கில்யா கார்னிவலில் இக்கலவையைக் கேட்கலாம். காளை, புலி முகமூடிகளோடு ஆடும் குழுக்கள் இப்பகுதியின் விலங்குலகையும் ஊர்வலத்தில் கொண்டுவருகின்றன.

6. முடிவு

மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இக்கரையின் இயற்கை ஆளற்ற வெளியன்று. மேடை கட்டியும் சடங்கு செய்தும் மக்கள் பேணியது. இரண்டு, இதன் பண்பாடு சிப்பி, பவளம், கள்ளி, சதுப்பு ஆகிய நிலப்பொருள்களில் வேர்கொண்டது. மூன்று, காயலின் கதை காட்டுவதுபோல, ஒன்றைத் தனியே பிரித்துத் திட்டமிட்டால் இரண்டும் சேதமாகும்.

எனவே பூங்கா மூடியிருக்கும் நாள்களைச் சுற்றுலாவின் இழப்பாகக் கணக்கிடுவது தவறு. பார்க்க வருபவருக்காகத் திறந்திருப்பதைவிட, பார்க்கத் தகுந்ததாக நீடிப்பதே முதன்மை என்று இம்மலையின் மக்கள் வகுத்த ஒழுங்கு அது. அந்த நாட்காட்டியைப் பார்த்துப் பயணநாளைக் குறிப்பவரே இக்கரையைச் சரியாகப் புரிந்துகொண்ட விருந்தினர்.