மூடுற பட்டன் எந்த மூலையில?

எனக்கு ஆபீஸ்ல லினக்ஸ், வீட்ல மேக். ராத்திரி வீட்ல ஒரு விண்டோவை மூடணும்னா கை தானா வலது மூலைக்குப் போகுது. அங்க ஒண்ணுமே இல்ல. இந்த மூலைத் தகராறு எங்க ஆரம்பிச்சதுன்னு பார்க்க 1984க்குப் போகணும்.

அந்த வருஷம் வந்த மேக்கின்டாஷில் மூடுவதற்கான சின்னச் சதுரம் இடது ஓரத்தில் இருந்தது. பிறகு விண்டோவைப் பெரிதாக்கும் சதுரத்தைச் சேர்த்தபோது அதை வலது ஓரத்தில் வைத்தார்கள். பெரிதாக்கப் போய் தவறி மூடிவிட வழியே இல்லை. எனக்கு இன்னைக்கும் இதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடா தோணுது.

1990ல் வந்த விண்டோஸ் 3.0லயும் இடது பெட்டியை டபுள் கிளிக் செய்துதான் மூடணும். தெரியுமா உங்களுக்கு? வலது மூலைக்கு எக்ஸ் குறி வந்தது விண்டோஸ் 95ல்தான், அதுவும் பெரிதாக்கும் பட்டனுக்கு ஒட்டியே. ஆனா அதுக்கு முன்னாடியே எக்ஸை வலதுல வச்சது ஸ்டீவ் ஜாப்ஸோட நெக்ஸ்ட் கம்பெனி! அந்த நெக்ஸ்ட் மென்பொருளிலிருந்து பிறந்த மேக் ஓஎஸ் டென் 2001ல் வந்தபோது, சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இடது பக்கம் போய் உட்கார்ந்தன.

இதுவரைக்கும் ஆளுக்கொரு வழக்கம், அவ்வளவுதான். வழக்கத்தை நடுவுல மாத்தினா என்ன ஆகும்? அதுக்கு உபுண்டு கதை.

2010 ஏப்ரலில் வந்த உபுண்டு 10.04ல் மூன்று பட்டன்களும் வலதிலிருந்து இடதுக்கு மாறின. பயனர்கள் கொதித்தார்கள். வலது பக்கம் புதுசா சில விஷயங்கள் வரப்போகுது, அதுக்கு இடம் வேணும்னு நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் காரணம் சொன்னார். விண்டிகேட்டர் என்று பெயர்கூட வைத்தார்கள். அது வரவே இல்லை. காலியான மூலை காலியாவே கிடந்தது. பழைய ஆட்கள் செட்டிங்கை மாற்றும் கட்டளையைத் தேடிப்பிடித்துப் பட்டனை வலதுக்கே கொண்டுபோனார்கள். புதுசா வந்தவங்க இடதுக்குப் பழகிட்டாங்க. 2017 அக்டோபரில் 17.10 பதிப்பு வந்தப்ப பட்டன் மறுபடி வலதுக்கே வந்தது. ஏழு வருஷம் இடதுல பழகின கை இப்ப என்ன பண்ணும், சொல்லுங்க?

க்னோம் ட்வீக்ஸ்ல இடதா வலதான்னு தேர்ந்தெடுக்க ஒரு செட்டிங் இருக்கு. போன மாசம் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் இடதுன்னு வச்சுட்டேன். கை இன்னும் வலதுக்குத்தான் போகுது.