மஸ்டாங்கைக் காத்த கடிதங்கள்

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1980களின் நடுவில் தன் புகழ்பெற்ற மஸ்டாங் காருக்கு மாற்றாக முற்றிலும் புதிய ஒரு காரை உருவாக்கி வந்தது. அது ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைக்கப்பட்ட, முன்சக்கரங்களால் இயங்கும் கார். 1987இல் ஆட்டோவீக் இதழில் இச்செய்தி வெளியானதும் கார் ஆர்வலர்கள் நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். மஸ்டாங் பழைய அமைப்பிலேயே தொடர்ந்தது. புதிய கார் 1988இல் புரோப் என்னும் வேறு பெயரில் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளரின் குரலுக்கு ஒரு பெரிய நிறுவனம் பணிந்ததற்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வை இன்றும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அறிய மஸ்டாங் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிக்கனக் காரின் பிள்ளை

1950களின் அமெரிக்கக் கார்கள் படகைப் போல நீண்டவை. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் உள்நாட்டு ராம்ப்ளரும் நன்றாக விற்பனையாவதைப் பார்த்த மூன்று பெரிய நிறுவனங்களும் 1959 இலையுதிர் காலத்தில் ஆளுக்கொரு சிறிய காரை இறக்கின. ஜெனரல் மோட்டார்ஸின் கார்வேர், கிரைஸ்லரின் வேலியன்ட், ஃபோர்டின் ஃபால்கன் ஆகியவையே அவை. 'சிறிய' என்பது அவர்கள் கணக்கு. ஃபால்கனின் நீளம் ஏறத்தாழ 4.6 மீட்டர், நம் அம்பாசிடரைவிட நீளம்!

ஃபால்கன் சிக்கனமானது, நன்றாக விற்றது, ஆனால் அதைப் பார்த்து எந்த இளைஞனும் மயங்கவில்லை. மாறாக, தனித்தனி முன்னிருக்கைகளுடன் வந்த கார்வேர் மோன்சா இளைஞர்களை ஈர்த்தது. இதை ஃபோர்டின் லீ அயக்கோக்கா கவனித்தார். 1962இல் ஃபோர்டு, மஸ்டாங் என்ற பெயரில் ஒரு சோதனைக் காரை வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் ஓட்டிக் காட்டியது. இரண்டே இருக்கைகள், நடுவில் எஞ்சின். ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். அயக்கோக்காவுக்கு அந்தக் கொண்டாட்டமே எச்சரிக்கையாகப் பட்டது. இப்படிப்பட்ட காரை விரும்புவோர் சத்தம் போடுவார்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு என்று அவர் கணித்தார். பின்னிருக்கையும் சாமான் வைக்கும் இடமும் இல்லாத காரைக் குடும்பத்தினர் வாங்க மாட்டார்கள் அல்லவா?

எனவே ஃபால்கனின் அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் நீண்ட முன்பகுதியும் குறுகிய பின்பகுதியும் கொண்ட உடலைப் பொருத்தினார்கள். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவு செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள் 10 இலட்சம் கார்கள் தயாராயின. அலுவலகத்துக்குச் சென்று வர ஆறு சிலிண்டர் எஞ்சின் போதும் என்பவருக்கும், வி8 எஞ்சினின் உறுமல் வேண்டும் என்பவருக்கும் ஒரே கார். ஆர்வலர்களின் செல்லப் பிள்ளையாகிய மஸ்டாங், ஆர்வலர்கள் சொன்னதைக் கேட்காததால்தான் பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வெறுக்கப்பட்ட இரண்டாம் மஸ்டாங்

1960களின் பிற்பகுதியில் குதிரைத்திறன் போட்டி முற்றியது. பெரிய எஞ்சின்களுக்கு இடம் தேடி மஸ்டாங்கும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இளைஞர்கள் ஓட்டும் வேகக் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது. 1973 செப்டம்பரில் ஃபோர்டு மஸ்டாங்கைச் சுருக்கி, பின்டோ என்னும் சிறிய காரின் பாகங்களைப் பயன்படுத்தி 'மஸ்டாங் 2' ஐ வெளியிட்டது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் திறன் 88 குதிரைத்திறன். முதல் ஆண்டில் வி8 எஞ்சினே கிடையாது.

ஆர்வலர்கள் முகம் சுளித்தார்கள். இன்றுவரை அந்தச் சுளிப்பு போகவில்லை. ஆனால் அடுத்த மாதமே அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 1974 மாதிரி ஆண்டில் மட்டும் 3,80,000க்கும் அதிகமான மஸ்டாங் 2 கார்கள் தயாராயின. அதே ஆண்டில் கிரைஸ்லர் தன் வேகக் கார்களாகிய பாரகுடாவையும் சேலஞ்சரையும் நிறுத்திவிட்டது. மஸ்டாங் 2 ஐ இழித்துப் பேசுவோர் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. அந்தச் சிறிய கார் வந்திராவிட்டால் 1987இல் கடிதம் எழுதிக் காக்க மஸ்டாங் என்ற பெயரே மிஞ்சியிருக்காது என்பது என் கருத்து.

மாஸ்டாவுடன் கூட்டு

1979இல் மஸ்டாங் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஈரான் புரட்சியை ஒட்டி எண்ணெய் விலை மறுபடியும் எகிறியது. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்ற அரசு விதியும் இறுகிவந்தது. 1985க்குரிய அளவு 27.5 மைல். எண்ணெய் விலை இனி ஏறத்தான் செய்யும் என்று நம்பியே டெட்ராய்ட் நிறுவனங்கள் திட்டமிட்டன. சிக்கனமான சிறிய கார் செய்வதில் ஜப்பானியர் கைதேர்ந்தவர்கள். ஃபோர்டு 1979இல் மாஸ்டாவின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வாங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளாட் ராக் ஊரில் மாஸ்டா அமைத்த ஆலை 1987இல் உற்பத்தியைத் தொடங்கியது. புதிய மஸ்டாங்காக நினைக்கப்பட்ட கார் அங்கேதான் தயாராக இருந்தது.

முன்சக்கர இயக்கத்தில் என்ன குறை? மாணவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களையே ஓட்டினால் வண்டியின் நடுவே நீண்ட சுழல்தண்டு தேவையில்லை. எடை குறையும், உள்ளே இடம் கூடும், பனியில் சறுக்கல் குறையும். குடும்பக் காருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் காரை வேகமாகக் கிளப்பும்போது அதன் பாரம் பின்பக்கம் சாய்கிறது. நெரிசல் பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் அழுத்தும் பின்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றும். பாரம் குறைந்த முன்சக்கரங்கள் வழுக்கும். திருப்புவதும் இழுப்பதும் ஆகிய இரண்டு வேலைகளும் முன்சக்கரங்களின்மேல் விழுவதால், எஞ்சினின் திறன் கூடக்கூட ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஆர்வலர்களின் எதிர்ப்பு வெறும் பழமைப் பற்று அன்று. பொறியியல் நியாயம் அதில் இருந்தது.

இன்னொரு எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்காவின் அடையாளமாகிய காரை ஜப்பானியர் வடிவமைப்பதா என்ற கோபம் அது. இதைப் பற்றி எழுதும் ஆர்வலர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், கடக்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் டெட்ராய்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்திருந்தனர். பழி ஜப்பானியக் கார்களின்மேல் விழுந்தது. 1982 ஜூனில் அந்நகரப் பகுதியில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி அமெரிக்க இளைஞர் தாக்கிக் கொல்லப்பட்டார். தாக்கியவர்களில் ஒருவர் கார் ஆலை மேற்பார்வையாளர். இன்னொருவர் அவருடைய வளர்ப்பு மகன். மாநில நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத் தண்டனை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும் விதித்தது. ஆசிய அமெரிக்கர்கள் நாடெங்கும் கொதித்தெழுந்தனர். மஸ்டாங்குக்காக எழுதியவர்கள் இத்தகைய வெறுப்பாளர்கள் என்று சொல்வது பெரும் அநியாயம். ஆனால் 'ஜப்பானிய மஸ்டாங்' என்ற சொல் அன்று அந்த ஊரில் யார் காதில் எப்படி ஒலித்தது என்பதை இதை அறியாமல் புரிந்துகொள்ள முடியாது.

முடிவு மாறியது எப்படி?

கடிதங்கள் வந்த நேரம் மஸ்டாங்குக்குச் சாதகமாக இருந்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்துவிட்டது. ஏழு, எட்டு ஆண்டுகள் பழமையான மஸ்டாங் அந்த ஆண்டிலும் 2 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதன் 5 லிட்டர் வி8 எஞ்சின் 1982இல் 157 குதிரைத்திறன் தந்தது. 1987இல் அது 225 ஆக உயர்ந்தது. மாஸ்டா எஞ்சினுடன் வந்த புரோப்பின் டர்போ வகைக்கு 145தான். விற்றுக்கொண்டிருக்கும் காரை நிறுத்த வணிகக் காரணமே மறைந்துவிட்ட நிலையில், கடிதங்கள் அதிகாரிகளுக்கு ஒரு கௌரவமான வழியைத் திறந்துவிட்டன. எண்ணெய் விலை 1981இன் உயரத்திலேயே நின்றிருந்தால், எத்தனை மூட்டைக் கடிதங்கள் வந்திருந்தாலும் மஸ்டாங் முன்சக்கரக் காராகியிருக்கும் என்றே கருதுகிறேன். கடிதங்களால் பயனில்லை என்பதல்ல இதன் பொருள். மஸ்டாங் என்ற பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை விற்பனைப் பட்டியல் காட்டாது. அதைக் கடிதங்கள் காட்டின.

காற்றுத்தடையைக் குறைக்கும் சோதனைக் கார்களுக்கு ஃபோர்டு முன்பே இட்டிருந்த பெயர் புரோப். அப்பெயருடன் வந்த கார் மோசமானதும் அன்று. அதன் இரண்டாம் தலைமுறையை மோட்டார் ட்ரெண்ட் இதழ் 1993ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் வேகம் தேடுபவர் மஸ்டாங்கிடமும் சிக்கனம் தேடுபவர் வேறு கார்களிடமும் போக, 1997இல் புரோப் நிறுத்தப்பட்டது.

மஸ்டாங்கும் எளிதில் பிழைத்துவிடவில்லை. அதை முழுதாகப் புதுப்பிக்கப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. ஃபோர்டுக்குள்ளேயே ஜான் கொலெட்டி என்ற பொறியாளர் தலைமையில் ஒரு சிறு குழு, பழைய அடித்தளத்தையே செப்பனிட்டுக் குறைந்த செலவில் புதிய காரைச் செய்யலாம் என்று வாதாடி ஒப்புதல் பெற்றது. பின்சக்கர இயக்கத்துடன் அந்த மஸ்டாங் 1994 மாதிரியாக வெளிவந்தது. மோட்டார் ட்ரெண்டின் அவ்வாண்டு விருது அதற்குக் கிடைத்தது.

2018 ஏப்ரலில் ஃபோர்டு, வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃப்யூஷன் போன்ற சாதாரணக் கார்களைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தபோது தப்பிய பெயர்களில் மஸ்டாங் ஒன்று. ஃபால்கன் போன்ற சிக்கனக் காரின் இடம் காலியாகிவிட்டது. அதன் பிள்ளை இருக்கிறது. 2019 நவம்பரில் மின்சாரத்தில் ஓடும் நான்கு கதவு வண்டிக்கு 'மஸ்டாங் மாக்-இ' என்று பெயரிட்டபோது, இது மஸ்டாங்கா என்ற பழைய சண்டை மறுபடியும் மூண்டது. பெட்ரோல் மஸ்டாங்கோ 2004இல் டியர்பார்ன் ஆலையைவிட்டு ஃப்ளாட் ராக்குக்கு இடம் மாறியது. முன்பு புரோப் தயாரான அதே ஆலையில்தான் அது இன்றும் தயாராகிறது.