சின்ன ஒப்ஜெக்டுக்கும் ஒரு கூலி இருந்தது

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு கோடிங் வரலாறு எதுக்கு எண்டு கேட்காதீங்கோ. கல்வெட்டை வாசிக்கிற மாதிரித்தான் பழைய மென்பொருள் வழிகாட்டியையும் நாங்கள் வாசிக்கிறோம். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு காலத்தின் கஷ்டம் கிடக்கிறது.

2008 ஒக்டோபரில் முதல் அன்ட்ரொய்ட் போனான ஜி1 விற்பனைக்கு வந்தது. அதன் ராம் 192 மெகாபைட். ஒரு செயலி தன் ஒப்ஜெக்டுகளை வைத்துக்கொள்ளக் கிடைத்த இடமோ வெறும் 16 மெகாபைட். இன்றைக்கு நாங்கள் எடுக்கிற நாலைந்து போட்டோவுக்கே அது காணாது.

ஒரு பெயரையும் ஓர் இலக்கத்தையும் ஒன்றாக வைத்திருக்க சின்ன ஒப்ஜெக்ட் ஒன்றைச் செய்வதுதான் வழமை. ஆனால் அந்தக் காலத்து கூகிள் வழிகாட்டி, தேவையில்லாமல் ஒப்ஜெக்ட் உருவாக்காதே, இரண்டு தரவையும் இரண்டு தனிப்பட்டியலில் வை என்றது. வாசிக்க வடிவில்லை, ஆனால் வேகம்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஒவ்வொரு ஒப்ஜெக்டும் தன் தரவோடு 8 பைட் தலைப்பையும் சுமக்கிறது. 4 பைட் எண்ணைக் காவ 8 பைட் கூலி! அதைவிடப் பெரிய தலையிடி குப்பை அள்ளுவது. பாவித்து முடிந்த ஒப்ஜெக்டுகளை அகற்ற, அன்றைய டால்விக் இயந்திரம் செயலியையே நிறுத்தி வைக்கும். அந்த நிறுத்தம் பல வேளைகளில் 100 மில்லிசெக்கனைத் தாண்டியது. திரையோ செக்கனுக்கு 60 படம் காட்டவேணும். ஒரு படத்துக்கு 16 மில்லிசெக்கன்தான். ஆக ஆறு படம் காணாமல் போகும். விரல் நகரும், திரை அப்படியே நிற்கும்.

2010 இல் வந்த 2.3 பதிப்பு, செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்பை அள்ளப் பழகியது. நிறுத்தம் பெரும்பாலும் 5 மில்லிசெக்கனுக்குள் அடங்கியது. 2014 இல் 5.0 பதிப்போடு டால்விக்கின் இடத்தை ஆர்ட் பிடித்தது. 2017 இல் கூகிள் கொட்லின் மொழியை ஏற்றுக்கொண்டபோது, ஒரே வரியில் டேட்டா கிளாஸ் எழுதலாம் என்றாயிற்று. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்வதற்கும் முழுசாய்ப் புதுப் பிரதி எடுப்பதே இப்ப நல்ல பழக்கம். அன்று கண்டித்த செலவு, இன்று பாராட்டுப் பெறுகிறது.

அதுக்காகப் பழைய விதி பொய்யில்லை. கூலி குறைந்ததே ஒழிய இல்லாமல் போகவில்லை. படம் வரையும் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் புது ஒப்ஜெக்ட் செய்தால் திரை இன்றைக்கும் திக்கும். எழுதுபவரின் புதுப் போனில் அது தெரியாது. செக்கன்ட் ஹாண்ட் போனில் பாடக்குறிப்பு திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். பழைய விதியை வேதமாக்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். மலிவான போன் ஒன்றிலும் ஓட்டி, அளந்து பாருங்கோ.