தூர்க்கப்பட இருந்த கால்வாய்கள்

இரண்டு கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்திற்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து விடலாம். அந்தச் சிறு பரப்புக்குள் ஓடும் கால்வாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 60 கிலோமீட்டர் வரும் என்றால் நம்புவீர்களா? ஜப்பானின் கியூஷூ தீவில், ஃபுகுவோகா மாநிலத்தில் உள்ள யனகாவா நகரின் நடுப்பகுதி அப்படிப்பட்டது.

இன்று அங்கே படகில் சென்றால் கரையோர வில்லோ மரங்களின் தொங்கும் கிளைகள் உங்கள் தலையைத் தொடும். ஒருபுறம் நடைபாதை, மறுபுறம் வீட்டுத் தோட்டங்கள், இடையிடையே தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகள் எனக் காட்சி மாறிக்கொண்டே போகும். 1977ஆம் ஆண்டில் இந்தக் கால்வாய்களுள் பெரும்பாலானவற்றைத் தூர்த்துவிடவும் மூடுசாக்கடைகளாக மாற்றவும் நகராட்சி திட்டம் தீட்டியிருந்தது. சுற்றுலாப் படகுகள் செல்லும் வழியும் சில முக்கியக் கால்வாய்களும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இத்திட்டம் எப்படிக் கைவிடப்பட்டது என்பதை அறிய, முதலில் இக்கால்வாய்கள் ஏன் தோண்டப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

யனகாவா அரியாகே கடலின் ஓரத்தில் உள்ளது. ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே கடல் மட்டம் ஏறத்தாழ 6 மீட்டர் வரை மாறும் கடல் அது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய சேறும் படிந்து உண்டான நிலம் இது. கிணறு தோண்டினால் உப்புக் கலந்த நீரே கிடைக்கும். எனவே மக்கள் பள்ளம் வெட்டி மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கினர். வெட்டிய மண்ணை மேடாக்கி அதன்மேல் குடியிருந்தனர். 1601இல் இப்பகுதியின் ஆட்சியை ஏற்ற தனகா யோஷிமாசா என்ற சிற்றரசர் இந்தப் பள்ளங்களையும் வாய்க்கால்களையும் ஒரே ஒழுங்கில் இணைத்து, யாபே ஆற்றின் நீர் நகர் முழுவதும் சுற்றி வரும்படி செய்தார். கோட்டைக்கு அகழி, வயலுக்குப் பாசனம், வீட்டுக்குக் குடிநீர் ஆகிய மூன்றையும் அதே நீர் தந்தது.

குடிநீர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஊர் நடுவே ஓடும் நீரைக் குடிக்க முடிந்ததற்குக் காரணம் ஊர்க் கட்டுப்பாடு. விடியற்காலையில், வேறு யாரும் நீரைப் புழங்குவதற்கு முன் படித்துறையில் குடத்தை நிரப்பிக்கொள்வார்கள். குழந்தைகளின் அழுக்குத் துணியைக் கால்வாயில் அலசக் கூடாது. சமையலறைக் கழிவுநீர் நேரே கால்வாயில் விழாமல் வீட்டருகே மண்ணில் ஊறிப் போகும்படி விடுவார்கள். ஆண்டுதோறும் மதகை அடைத்து நீரை வடித்து, அடியில் படிந்த சேற்றை வாரி வயலுக்கு உரமாக இடுவார்கள். மீன் பிடிப்பதும் அப்போதுதான். வேலையும் விழாவும் கலந்த நாட்கள் அவை.

பிறகு குழாய் வந்தது. குழாயைக் குறை சொல்வதற்கில்லை. காலராவையும் குடற்புழுவையும் விரட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கால்வாய்க்குக் காலையில் போக வேண்டிய அவசியம் அன்றோடு முடிந்தது. வேதியுரம் வந்ததால் சேற்றுக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. சலவைத்தூள் நுரையும் பிளாஸ்டிக் குப்பையும் நீரில் மிதந்தன. சில பத்தாண்டுகளுக்குள் படித்துறைகளைப் புல் மூடியது. நாற்றத்தையும் கொசுவையும் தாங்க மாட்டாமல், கால்வாயை மூடுங்கள் என்று மக்களே கேட்டனர். நகராட்சியின் திட்டம் வஞ்சகத் திட்டமன்று. பெரும்பாலோர் விரும்பிய திட்டமே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதை நிறைவேற்றும் பிரிவுக்கு 1977இல் தலைவராக வந்தவர் ஹிரோமாட்சு சுதாயே. பல ஆண்டுகள் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பணியாற்றியவர். தம் கைக்கு வந்த திட்டத்தைப் படித்துவிட்டு, இது நகரையே மூழ்கடித்துவிடும் என்று மேயரிடம் நேரில் சென்று வாதாடினார்.

அவர் வாதத்தின் அறிவியல் அடிப்படை எளிது. கடல் ஏற்றத்தின்போது நகரின் நீர் கடலுக்கு வடிய முடியாது. வெளிமதகுகளை அடைத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கனமழை பெய்தால் நீர் எங்கே போகும்? அதைத் தாங்கி நிற்பவை கால்வாய்களே. மேலும் பழைய கால்வாய்களில் ஆங்காங்கே வேண்டுமென்றே குறுக்கிய இடங்கள் உண்டு. 'மோட்டாசே' என்று அவ்வூரார் சொல்லும் இந்த அமைப்பு வெள்ளத்தைப் படிப்படியாகத் தடுத்து நிறுத்தி, கீழ்ப்பகுதிக்கு மெதுவாக அனுப்பும். நேர்கோட்டில் போட்ட சிமெண்டுச் சாக்கடையோ எல்லா நீரையும் ஒரே நேரத்தில் தாழ்ந்த பகுதியில் கொண்டுபோய்க் கொட்டும். இன்னொன்றும் உண்டு. அடியில் இருப்பது நீர் ஊறிய மென்களிமண். மேலிருந்து நீர் ஊறுவது நின்றால் அது சுருங்கும், நிலம் தாழும். அரியாகே கடலின் மறுகரையில், சாகா மாநிலத்தின் ஷிரோய்ஷி சமவெளியில், நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் தரையே தாழ்ந்துபோன கதை கண்முன் இருந்தது.

மேயர் திட்டத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்து, மாற்று வழி சொல்லும்படி பணித்தார்.

மாற்று வழியைத் தாளில் எழுதுவது பெரிய வேலையன்று. மூடச் சொன்ன மக்களையே சேற்றில் இறங்கச் செய்வதுதான் கடினம். ஹிரோமாட்சுவும் அவருடன் பணியாற்றியவர்களும் முதலில் தாங்களே இறங்கித் தூர் வாரினர். தெருத் தெருவாக நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. முதியவர்கள் பழைய படித்துறை நாட்களை நினைவுகூர்ந்தனர். இளையவர்கள் கொசுவைப் பற்றிப் பேசினர். தண்ணீரோடு வாழ்வது தொல்லை பிடித்த காரியம்தான் என்பதை ஹிரோமாட்சு ஒருபோதும் மறைக்கவில்லை. அந்தத் தொல்லையை விட்டொழித்த அன்றே கால்வாய் அழியத் தொடங்கியது என்பது அவர் கருத்து. 'நகராட்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1978இல் நீர்த் தூய்மைத் திட்டம் உருவாயிற்று. அடைபட்ட கால்வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாரிய பின் பராமரிப்பு அந்தந்தப் பகுதி மக்களின் பொறுப்பு. நீர் ஓடத் தொடங்கிய பிறகே கரை பசுமையாயிற்று. மரமும் பூச்செடியும் நடைபாதையும் வந்தன. வீட்டின் பின்புறமாக ஒதுக்கப்பட்டிருந்த கால்வாயோரம் மீண்டும் மாலையில் உலாவும் இடமாயிற்று. வெறும் அழகுக்காக முதலில் மரத்தை நட்டிருந்தால் நாற்றத்தின் நடுவே அவற்றுக்கு நீர் ஊற்ற யார் வந்திருப்பார்கள்?

இந்நகரைக் களமாக வைத்துக் கார்ட்டூன் படம் எடுக்க நினைத்து வந்த இயக்குநர் இசாவோ தகஹாத்தா, கால்வாய்களின் கதையைக் கேட்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1987இல் வெளிவந்த அவருடைய ஆவணப்படம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுவது. தயாரித்தவர் ஹயாவோ மியசாக்கி. ஹிரோமாட்சு 2002இல் காலமானார். 2015இல் ஜப்பானிய அரசு இந்த நீர்நகரை நாட்டின் எழில்மிகு இடங்களுள் ஒன்றாக அறிவித்தது.

கால்வாய் நீரைக் குடிக்கும் காலம் திரும்பி வரவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நீர் வடிக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது. பிப்ரவரியில் யனகாவாவுக்குப் போனால் படங்களில் கண்ட அழகைத் தேடி ஏமாந்து போவீர்கள். பழைய கோட்டைப் பகுதியின் மதகுகள் அடைக்கப்பட்டு, சுமார் பத்து நாட்களுக்குக் கால்வாயின் அடிச்சேறு வெளியே தெரியும். முழங்கால்வரை சேற்றில் நின்று குப்பை பொறுக்குகிறவர்களைப் பார்க்கலாம். பிறகு மதகைத் திறப்பார்கள். ஆற்றுநீர் வந்து கற்படிகளை ஒவ்வொன்றாக மூடும்.