நிலா வழக்குப் போட முடியுமா?

"நிலா யாருக்குச் சொந்தம்?" இதை வகுப்பில் கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் "எல்லாருக்கும்" என்பார்கள், பாதிப் பேர் "யாருக்கும் இல்லை" என்பார்கள். கேட்க ரெண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனா சட்ட வரலாற்றில் அவை வேறு வேறு. இப்போது மூன்றாவதாக ஒரு பதிலும் வந்திருக்கிறது: "நிலா நிலாவுக்கே சொந்தம்."

1967: யாருக்கும் இல்லை

பனிப்போர்க் காலம். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலாவையோ வேறு விண்பொருளையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்றது அது. பெரிய சாதனைதான். ஆனா அங்கே தோண்டி எடுக்கும் பொருள் யாருடையது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

1979: எல்லாருக்கும்

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது நிலா ஒப்பந்தம். நிலாவின் வளங்கள் மனித குலம் முழுமைக்கும் பொதுவான செல்வம் என்றது. 1984இல் நடப்புக்கு வந்தும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அதில் சேரவில்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது.

2015இல் அமெரிக்கா, தன் குடிமக்கள் விண்வெளியில் எடுக்கும் வளம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் இயற்றியது. 2020இல் வந்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2022 மார்ச்சில் சிங்கப்பூரும் கையெழுத்திட்டது. வளங்களை எடுப்பது 1967 ஒப்பந்தத்துக்கு முரணாகாது என்பது அதன் நிலைப்பாடு. மனிதன் தரையிறங்கிய இடங்களை மரபுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது, காலடித் தடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தத் தடம் பதிந்த மண்ணுக்கு?

2021: நிலாவுக்கே

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பூமியிலிருந்து ஒரு கருத்தைக் கொண்டுபோனார்கள். கம்பெனி மனிதன் இல்லை. ஆனாலும் சட்டம் அதை ஒரு நபராக ஏற்கிறது, அது வழக்குப் போடலாம். அப்படின்னா மரம் ஏன் போடக் கூடாது? 1972இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் இதைத்தான் கேட்டார். 2008இல் எக்குவடோர் தன் அரசியலமைப்பிலேயே இயற்கைக்கு உரிமை தந்தது. 2017இல் நியூசிலாந்து, வாங்கநூயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. 2021இல் ஆஸ்திரேலியாவில் சிலர் கூடி நிலாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார்கள். மனிதரால் கெடாமலும் மாசுபடாமலும் நிலைத்திருக்க நிலாவுக்கு உரிமை உண்டு என்கிறது அது. ஆனா எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தாது.

யார் பேசுவது?

உரிமை இருந்தால் மட்டும் போதாது, அதற்காகப் பேச ஆள் வேண்டும். வாங்கநூயி ஆற்றுக்கு அந்த ஆள் உண்டு: அரசு சார்பில் ஒருவர், மாவோரி மக்கள் சார்பில் ஒருவர். அதே 2017இல் இந்தியாவின் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்று அறிவித்தது. வெள்ளம் வந்து சேதமானால் யார் நட்டஈடு கொடுப்பது என்று மாநில அரசு கேட்டது. சில மாதங்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

நிலாவுக்காகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினருக்கு நிலா புனிதமானது. 1998இல் நாசா ஏவிய ஒரு விண்கலத்தில் ஓர் அறிவியலாளரின் அஸ்தியும் நிலாவுக்குப் போனது. நவாஹோ மக்கள் எதிர்த்ததும் நாசா மன்னிப்புக் கேட்டது. 2024 ஜனவரியில் ஒரு தனியார் விண்கலம் மறுபடியும் அஸ்தி ஏற்றிப் புறப்பட்டது. நவாஹோ தலைவர் முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்தும் பயணம் நிற்கவில்லை. கோளாறு ஏற்பட்டு அந்தக் கலம் நிலாவை எட்டாமலே எரிந்துபோனது வேறு கதை. எதிர்த்தவர்களின் குரலைக் கேட்டே ஆகணும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்கணும்.

மாணவர்களே, தேர்வுக்கு ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க. ஒவ்வோர் ஆண்டுக்குப் பக்கத்திலும் "இதில் பேசும் உரிமை யாருக்கு?" என்று எழுதிப் பாருங்க. 1967இல் நாடுகளுக்கு, 2015இல் கம்பெனிகளுக்கும், 2017இல் ஓர் ஆற்றுக்கு. நிலாவுக்கான கட்டம் இன்னும் காலியாகவே இருக்கு.

வகுப்பில் விவாதிக்க: நிலாவுக்கு இரண்டு காப்பாளர்களை நியமிப்பதென்றால், யாரை நியமிக்கலாம்? அவர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்க வேண்டும்?